சூசைநாதன் ஓட விடாத எழுத்துகள்

நான் பேசாமல் இருந்தது போதும். சூசை அண்ணனை அறிந்த நீங்கள் எல்லோரும் அவரைப் பற்றி ஒரு பொய்யை ஐந்து ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் அதைச் சொல்லக் கேட்டு, மறுக்காமல், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தவன் நான். அந்தப் பழியைச் சுமந்தவர் போன செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார்.

செய்தி எனக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். பாலக்கரை டீக்கடையில் நின்றிருந்தேன். சுவரில் இருந்த டிவியில் நம் ஊர் கேபிள் சேனல். திரைக்கு அடியில் சிவப்புப் பட்டையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தபோது, "...நாதன் அவர்கள் இன்று காலை காலமானார்" என்ற வால் மட்டும் இடப்பக்கம் போய் மறைந்தது. எந்த நாதன்? ஜவுளிக்கடைத் தள்ளுபடி ஓடியது. பள்ளிச் சேர்க்கை ஓடியது. போர்வெல் விளம்பரம் ஓடியது. டம்ளர் கையைச் சுட்டது; கீழே வைக்கத் தோன்றவில்லை. மறு சுற்றில்தான் முழுப்பெயரும் வந்தது: சூசைநாதன். அந்தச் சேனலுக்கே எழுத்து அமைத்துக் கொடுத்த மனிதரின் சாவை, எதைச் செய்யக் கூடாது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தாரோ அதே விதத்தில் ஓட்டினார்கள்.

சேனல் தொடங்கியபோது செய்தி எழுதி வாசிப்பவன் நான். திரையில் எழுத்துப் போடுபவர் அவர். அதற்கு முன் செராமிக் பேட்டையில் ஒரு பட்டறையில் பீங்கான் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தார். எழுதிய பலகை சூளைக்குள் போய்விட்டால் திருத்த முடியாது. அதனால் ஒவ்வொரு பெயரையும் விரல் வைத்து மூன்று முறை படிப்பது அவர் பழக்கம். கம்ப்யூட்டருக்கு வந்த பிறகும் அதை விடவில்லை.

"இது கம்ப்யூட்டருண்ணே, தப்புன்னா அழிச்சிக்கலாம்" என்றேன் ஒரு நாள்.

"நீ அழிச்சிக்குவ தம்பி. பாத்தவன் கண்ணுல இருக்கறத எப்படி அழிப்ப? அது சூளைக்குப் போனதுதான்."

ஒருமுறை சேனல் முதலாளி சென்னையிலிருந்து ஒரு சிடி வாங்கி வந்தார். அதில் நூறு வகை எழுத்துகள். வாலும் சுருளுமாக, நிழல் விழுவதாக, பளபளப்பதாக. அண்ணன் ஒவ்வொன்றையும் சேனலில் போட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து போவார். எதிர் டீக்கடையில் ஒரு பழைய டிவி. படம் எப்போதும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அதில்தான் பரீட்சை.

"மாஸ்டர், என்னா போட்டிருக்குது படிங்க."

டீ ஆற்றியபடியே மாஸ்டர் கண்ணைச் சுருக்கினார். "எறும்பு ஊர்ற மாரி இருக்குதுங்க."

"கேட்டுக்கோ எம்.ஏ., எறும்பாம்" என்றார் அண்ணன் என்னிடம். நான் படித்த படிப்பைச் சொல்லித்தான் என்னைக் கிண்டல் செய்வார். நூறில் தேறியது ஒன்று: தடித்த, அலங்காரமில்லாத எழுத்து. கடைசிவரை அதையே வைத்திருந்தார்.

சாவுச் செய்திக்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கருநீலத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு பெயர். எழுத்து அசையாது. வாய்விட்டு, மெதுவாக இரண்டு முறை படிப்பார். அதுவரை பக்கம் மாறாது.

"ஒரு சாவுக்கு இவ்ளோ நேரமாய்யா?" என்று முதலாளி எரிந்து விழுந்தார்.

"ஒரு தடவதானங்க சாவறாங்க" என்றார் அண்ணன்.

இனி, அந்த வேப்பூர் விபத்து. வேன் கவிழ்ந்து மூன்று பேர் இறந்தார்கள், பலருக்குக் காயம். அண்ணன் இரண்டு பக்கங்கள் அமைத்தார்: இறந்தவர்கள் ஒன்றில், காயம்பட்டவர்கள் இன்னொன்றில். இரண்டுமே அசையாத பக்கங்கள். சரிபார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார். அப்போது முதலாளியின் போன் வந்தது. "சென்னை சேனல்ல எல்லாம் ஓடுது, நம்மளுது மட்டும் என்னா சிலேட்டுப் பலகையா? ஓட வுடுய்யா."

ஓட விட்டது நான். முதலாளி சொன்னதால் மட்டும் என்று எழுதினால் அது இன்னொரு பொய். சென்னைச் செய்தி சேனல் ஒன்று நேர்முகத் தேர்வில் என்னை ஐந்து நிமிடத்தில் திருப்பி அனுப்பியிருந்தது. என் திரையாவது அவர்கள் திரை போல இருக்கட்டும் என்ற வெறி எனக்குள் இருந்தது. இடது மூலையில் "3 பேர் பலி" என்று சிவப்பில் ஒரு கட்டத்தை நிறுத்தினேன். அதன் பக்கத்தில் எல்லாப் பெயர்களையும் ஒரே வரியாக ஓட விட்டேன். இறந்தவர் யார், காயம்பட்டவர் யார் என்று சொல்லும் தலைப்புகளும் பெயர்களோடு சேர்ந்தே ஓடின. நடுவில் பார்த்தவனுக்குத் தெரிந்தது, "பலி" என்ற சிவப்பும் அதை ஒட்டி ஓடும் ஒரு பெயரும்தான்.

கம்மாபுரம் பக்கத்தில் ஒரு தாய் அப்படித்தான் தன் மகன் பெயரைப் பார்த்தாள். அலறிக்கொண்டு வெளியே ஓடியவள் படியில் விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. பிறகு அவள் எழுந்து நடக்கவேயில்லை.

மகனுக்குக் கையில் கட்டு, அவ்வளவுதான். அவனுடைய அண்ணன் ஆட்களோடு அலுவலகத்துக்கு வந்தான். "எவன்யா எழுத்துப் போட்டவன்? எந்தம்பி ஆஸ்பத்திரில இட்லி துன்னுக்கிட்டு இருக்கறான், நாங்க வூட்டு வாசல்ல பந்தல் போட்டுட்டோம்!"

முதலாளி கையை நீட்டினார். "எழுத்தெல்லாம் இவருதாங்க."

சூசை அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். அவர் கைகூப்பி, "ஆமாங்க, எழுத்து என்னுதுதான்" என்றார். அன்று மாலையே அவரை நீக்கினார்கள். 'பெயரை மாற்றிப் போட்டு ஒரு குடும்பத்தை அழித்தவர்' என்ற பேச்சு அன்று பிறந்தது.

ஒரு வாரம் கழித்துப் பேருந்து நிலையத்தில் அவரைப் பிடித்தேன். "ஏண்ணே அன்னிக்கு உண்மையச் சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பாத்தேன் தம்பி." கோபமில்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் இத்தனை ஆண்டுகள் நானும் பதிலுக்குக் கோபித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். "பஸ்ஸு வந்துடுச்சு, போயிட்டு வரேன்" என்று ஏறிவிட்டார்.

அவர் மீண்டும் பீங்கான் பட்டறைக்கே போனார். சில மாதங்களில் ஒருவர் கையில் எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். கருநீலப் பீங்கானில் வெள்ளை எழுத்தில் என் பெயர். பெயருக்குப் பின்னால் எம்.ஏ. என்றும் போட்டிருந்தார். அது கிண்டலா, மன்னிப்பா, என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வாசலில் பதிக்கவும் மனமில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. பீரோவில், பழைய வேட்டிக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். அவருடையதாக என்னிடம் இருப்பது அதுதான். தெருவில் எந்த எழுத்தைக் கண்டாலும் எதிர்ப்பக்கம் போய் நின்று படித்துப் பார்க்கும் பழக்கமும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இரங்கல் கூட்டமாம். தலைமை அதே முதலாளி. என்னையும் பேசக் கூப்பிட்டிருக்கிறார். "பழசெல்லாம் எதுக்கு, நல்லதா நாலு வார்த்த சொல்லுங்க சார்" என்றார். நான் போகப் போவதில்லை. நம் ஊர்க்காரர்கள் படிக்கும் இந்த இணையப் பக்கத்தில் இதைப் போடுகிறேன். பெயரை மாற்றிப் போட்டவர் சூசைநாதன் அல்ல. அவர் போட்டது சரியாக இருந்தது. இதை நிறுத்தி, இரண்டு முறை படியுங்கள்.

கீழே என் பெயரைத் தட்டச்சு செய்தேன். விரல் வைத்துப் படித்துப் பார்த்து அழித்தேன். மறுபடி அடித்தேன், மறுபடி அழித்தேன். இது சூளை இல்லை, அழிக்க முடிகிறது. பெயரில்லாமலே பதிகிறேன்.