கீழ்வீட்டுக் கதவில் எண்ணெய்

ஜெப நேரத்தில் இஸ்திரிக்கார அக்கா கண்ணைத் திறந்தது தப்புதான். ஆனால் திறக்காமல் இருந்திருந்தால், அறுந்துபோன தன் செருப்பு வாரைத் தைத்தது யார் என்று அவளுக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது.

வாட்ச்மேன் அண்ணன் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். அவர் ஆரம்பித்தால் உலகத்தில் ஒருவரையும் விடமாட்டார், எல்லாருக்காகவும் வேண்டிக்கொண்டுதான் முடிப்பார். எல்லாரும் கண்ணை மூடியிருந்த அந்த நேரத்தில் சபையை நடத்தும் போதகர் ஐயா ஓசைப்படாமல் எழுந்து மாடிப்படிக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்து, அவள் செருப்பை மடியில் வைத்துத் தைத்தார். பல்லால் நூலைக் கடித்துவிட்டு, செருப்பை இருந்த இடத்திலேயே வைத்து, வந்து உட்கார்ந்து ஆமென் சொன்னார். அவளும் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐயாவுக்குப் பிழைப்பு பை தைப்பது. ஜிப் போன பை, கைப்பிடி பிய்ந்த பெட்டி என்று வாரம் முழுக்கக் கடைத்தெருவில் உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை அதே கை வேதத்தைப் பிடிக்கும். சபை என்றால் கோபுரமும் மணியும் இல்லை. வாடகை வீட்டு மாடியில் ஒரு முன்னறை. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தால் சபை, திரும்பப் போட்டால் வீடு.

கீழே வீட்டுக்காரர் இருந்தார். சத்தம் கூடாது என்று அவர் சொன்ன நாளிலிருந்து சபை அடக்கிப் பாடப் பழகிக்கொண்டது. உள்ளங்கையில் ஒற்றை விரலால் கை தட்டுவார்கள். அல்லேலூயா சொல்ல வேண்டிய இடத்தில் கையை மட்டும் தூக்குவார்கள்.

"ராத்திரி பூரா திருடன் வர்றானான்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை ஆனா நானே திருடன் மாதிரி பாடுறேன்" என்பார் வாட்ச்மேன் அண்ணன். சிரிப்பையும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்க வேண்டும்.

அப்படி அடங்கி இருந்தும் பலிக்கவில்லை. படி முழுக்கச் செருப்பு, போவோர் வருவோர் என்று பக்கத்து வீடுகளில் முணுமுணுப்பு. வீட்டுக்காரர் மாடியேறி வந்து, "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீடு தேட ஐயாவும் அவர் மனைவியும் போனபோது இஸ்திரிக்கார அக்காவும் கூடப் போனாள். ஐயா அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அதனால் அவர் மனைவி அவளுக்கு அண்ணி.

"எத்தனை பேர்?" என்று கேட்பார்கள்.

"நாங்க ரெண்டு பேருதாம்மா. ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்சம் பேர் ஜெபத்துக்கு வருவாங்க" என்பார் ஐயா.

கதவு சாத்திக்கொள்ளும். தெருவுக்குத் தெரு இதே கதை.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "அந்த ரெண்டாவது பேச்சை உள்ள குடி போனப்புறம் சொன்னா நாக்கு வெந்தா போயிடும்?"

"அப்புறம் அந்த வீட்டுல உக்காந்து எந்த வாயால ஜெபம் பண்றது?"

"நடுத்தெருவுல உக்காந்து எந்த வாயால பண்ணப் போறீங்களோ, அதே வாயாலதான்!"

இஸ்திரிக்கார அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அவள் தனி ஆள். காலையிலிருந்து துணியோடும் சூடோடும் மல்லுக்கட்டுகிறவளை, சாப்பிட்டாயா என்று கேட்க அந்த அறையை விட்டால் நாதியில்லை. அது போனால் தன்னைத் தங்கச்சி என்று யார் கூப்பிடுவார்கள்?

கடைசி வெள்ளிக்கிழமை சபை பட்டினி கிடந்து உபவாச ஜெபம் பண்ணியது. வீட்டுக்காரர் மனசு இளகணும் என்பது ஒன்றுதான் விண்ணப்பம். சாயங்காலம் எல்லாரும் கலைந்த பிறகு அவள் கடைசியாகப் படியிறங்கினாள். கீழ்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. முழங்கால் வலிக்கு என்று ஐயா ஜெபித்துக் கொடுத்த எண்ணெய்ச் சீசா இடுப்பில் இருந்தது. வலிக்கிற காலுக்குப் பூசலாம் என்றால், இறுகிப்போன மனசுக்குப் பூசக்கூடாதா? மனசு கைக்கு எட்டாது, கதவு எட்டும். அவளுக்கு அவ்வளவுதான் தோன்றியது. நிலையிலும் கைப்பிடியிலும் சீசா காலியாகும் மட்டும் பூசினாள். கதவில் நெற்றியை வைத்து, "ஆண்டவரே, இவர் மனசைத் திறந்துவிடும்" என்று அழுதுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை இஸ்திரி போட்ட துணி மூட்டையோடு அவள் அந்தத் தெருவுக்குள் வந்தபோது வாசலில் கூட்டம். வீட்டுக்காரர் மனைவி மாசமாக இருந்தாள். எண்ணெய் வழுக்கிய கையைத் தூரமாக நீட்டிக்கொண்டு நின்றாள். செய்வினை, மந்திரித்து வைத்திருக்கிறார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

வீட்டுக்காரர் ஐயாவைப் பார்த்துக் கத்தினார். "உங்களுக்காக என்கிட்ட வாதாடினதே இவதான்யா! மேல மெதுவாப் பாடுறது கேட்டாதான் மனசுக்கு நல்லா இருக்கு, பிள்ளை பொறக்கிற வரைக்கும் இருக்கட்டும்னா. நேத்துதான் சரின்னு சொன்னேன். இன்னைக்கு வந்து உங்ககிட்ட சொல்றதா இருந்தேன். அவ வாசல்லயே வச்சுட்டீங்களே!"

ஐயா கைப்பிடியைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். யார் சீசா என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தில் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "எங்க எண்ணெய்தாங்க. நான் கொடுத்ததுதான். கெட்ட எண்ணம் கொஞ்சமும் கிடையாது."

"நான்தாங்க!" மூட்டையைக் கீழே போட்டுவிட்டு அவள் முன்னால் ஓடினாள். "நான்தான் பூசினேன். ஐயாவுக்கு ஒண்ணும் தெரியாது. உங்க நல்லதுக்குத்தான் தாயி..."

"கிட்ட வராதே!" வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு அந்தப் பெண் உள்ளே ஓடினாள். அந்தப் பயந்த முகம் இஸ்திரிக்கார அக்காவுக்குச் சாகிற வரைக்கும் போதும்.

"நாளைக்கே காலி பண்ணுங்க" என்றார் வீட்டுக்காரர். ஐயா தோளில் கிடந்த துண்டை எடுத்து, மேலிருந்து கீழ் வரைக்கும் கதவைத் துடைத்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாட்டு இல்லை, சாமான் ஏற்றுவதுதான் நடந்தது. வேறு ஊரில் அண்ணியின் தம்பி வீட்டுக்குப் போகிறார்கள். வாட்ச்மேன் அண்ணன் கட்டிலைத் தூக்கி வேனில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இஸ்திரிக்கார அக்கா ஐயாவைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சபையைக் கலைச்சுட்டேனே ஐயா. என்னை ரெண்டு வார்த்தை திட்டிட்டாவது போங்க."

ஐயா கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டார். "ஞாயித்துக்கிழமையில உன் இஸ்திரி மேசையைச் சுவரோரமாத் தள்ளினா எத்தனை பேர் உக்காரலாம்?"

"அது ஒண்டுக் குடித்தனம் ஐயா! நாலு பேர் உக்காந்தா மூச்சு விட இடமில்லை. அதுவும் வாடகை. எங்க வீட்டுக்காரம்மாவைப் பத்தி உங்களுக்குத் தெரியாது..."

வேன்காரர் ஹாரன் அடித்தார். அண்ணி உள்ளே உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐயா ஏறி, தலையை வெளியே நீட்டினார்.

"முதல்ல உங்க வீட்டுக்காரம்மாகிட்ட போய்க் கேளு, தங்கச்சி. வேண்டாம்னா சண்டை போடாம வந்துடு. மறுவாரம் திரும்பவும் போய்க் கேளு."