வீட்டில் சொல்லாத வார்த்தை

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவருக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் கவரிங் கடை. பலகையில் ‘ஆர்டிபிஷியல் நகைகள்’ என்று சிவப்பில் எழுதியிருக்கும். கவரிங் என்றால் பழைய பேர், ஆர்டிபிஷியல் என்றால் காலேஜ் பெண்களும் உள்ளே வருவார்கள் என்பது அவர் கணக்கு. வந்தார்கள். ஒரு முறை பூக்கார அக்கா ஒருத்தி வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னாணா, நெஜமாவே ஆர்டிபிஷியல்தானா, இல்ல அதுலயும் டூப்பா?” என்று கேட்டாள்.

“ஒரிஜினல் ஆர்டிபிஷியல்மா. கறுத்தா கொண்டாந்து மூஞ்சில எறி” என்றார் அத்தா.

நான் அப்போது பொத்தேரியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் வார்த்தை ஒன்று கையில் சிக்கினால் டிக்‌ஷனரியில் அதன் வேர் வரை தோண்டாமல் விடமாட்டேன். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அத்தாவுக்கு வகுப்பெடுப்பேன். ‘ஆர்டிபிஷியல்’ என்பதற்கு முதல் அர்த்தம், மனிதன் கைத்திறனால் செய்தது. போலி என்பதெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஒருத்தருடைய சிரிப்பை அப்படிச் சொன்னால் திட்டு. ஆனால் வெட்டின ஏரியை அப்படிச் சொன்னால் திட்டில்லை, தண்ணீர் தண்ணீர்தான். அத்தா தோடுகளை அட்டையில் குத்திக்கொண்டே கேட்பார்.

“பீர்க்கன்கரணை ஏரிகூடவா?”

“மனுஷன் கரை போட்டதுதானேத்தா.”

“அப்ப அதுலேர்ந்து வர்ற கொசு?”

இவ்வளவு பேசுவோம். ஆனால் ஒன்றைப் பற்றி மட்டும் அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. அவருடைய வலது கால்.

மீட்டர்கேஜ் ரயில் ஓடிய காலத்தில், பாரிமுனையிலிருந்து சரக்கு மூட்டையோடு வந்து இறங்கியவர், படியேறச் சோம்பித் தண்டவாளத்தைத் தாண்டியிருக்கிறார். நின்ற ரயிலுக்குப் பின்னால் இன்னொன்று வந்தது. முட்டிக்குக் கீழே போயிற்று. எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் பேண்ட், சாக்ஸ், பளபளக்கும் ஷூவோடுதான் அவர் அறையை விட்டு வெளியே வருவார். மாட்டுவதும் கழற்றுவதும் சாத்திய கதவுக்குப் பின்னால், அம்மா மட்டும் கூட. தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளூவைக்கூட வீட்டிலேயே முடித்துக்கொண்டுதான் பள்ளிவாசலுக்குப் போவார். அங்கே தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி எல்லோரும் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்களே.

“நான் மௌத்தானாலும் என்னை எவனும் ஒத்தக்காலோட பாக்கக்கூடாது” என்று தன் சாவுக்கும் சேர்த்தே அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். அம்மாவும் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஒரு மத்தியானம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரியில், “ஆர்டிபிஷியல் ரெஸ்பிரேஷன் குடுத்துப் பாக்குறோம்” என்றார் டாக்டர். அந்த வார்த்தையை அன்று நான் தோண்டவில்லை. குடுங்க சார், குடுங்க சார் என்று கெஞ்சினேன். வெயில் இறங்குவதற்குள் முடிந்துவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் போர்வைகளைக் கட்டி மறைத்து, அத்தாவின் மையித்தைக் குளிப்பாட்டப் பலகை போட்டார்கள். பள்ளிவாசலிலிருந்து ஹஜ்ரத் வந்திருந்தார். அம்மாவின் அண்ணன், என் மாமா, சட்டைக் கையை மடித்துக்கொண்டே, “கால் ஆர்டிபிஷியல்தானே, மொதல்ல அதைக் கழட்டிடலாம்” என்றார். எங்கள் வீட்டுக்குள் அந்தக் காலைப் பற்றி அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“கழட்ட வேணாம் மாமா. பொய்க்கால்னு அர்த்தமில்ல, செஞ்ச கால். அவரோட கால்தான்.”

“டேய், இது உன் காலேஜ் இல்ல. சும்மா நில்லு.”

ஹஜ்ரத் என் தோளைத் தொட்டார். “தண்ணி உடம்புல படணும் தம்பி. எடுக்க வராததை வுட்ருவோம். இது பெல்ட்டு போட்டது, வரும்.” அவர் சொன்னதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த அர்த்தங்கள் எல்லாம் அங்கேயே தீர்ந்துபோயின. உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து, பின்கதவு வரை வந்து நின்றாள்.

“ஹஜ்ரத், பொண்டாட்டி குளிப்பாட்டலாமா?”

“கூடும்மா.”

“அப்ப நான் குளிப்பாட்டுறேன். எல்லாரையும் வெளிய போவச் சொல்லுங்க.”

“நாலு பேரு இன்னா சொல்வாங்க?” என்றார் மாமா.

“நாலு பேரும் வெளியதாண்ணே நிக்கப்போறாங்க.”

ஆளைத் திருப்ப ஒரு கை வேண்டுமே என்று என்னை மட்டும் இருக்கச் சொன்னாள். “தலமாட்டுலயே நில்லு. மொகத்த மட்டும் பாரு.” அத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தோளைப் பிடித்திருந்தேன். துணிக்கு அடியில் பெல்ட்டு நழுவும் சத்தம் கேட்டது. அம்மா அந்தக் காலை எனக்குப் பக்கவாட்டில் நீட்டினாள். “கதவோரம் வை.” அதுவரை நான் அதைத் தொட்டதே இல்லை. நான் நினைத்ததைவிட ரொம்பக் கனம். காலையில் அவர் கட்டிய ஷூ முடிச்சு அவிழாமல் இருந்தது.

கஃபன் துணி சுற்றி முடித்ததும் இருவருமே பார்த்தோம். வலப்பக்கம் முட்டிக்குக் கீழே துணி தரையோடு படிந்து கிடந்தது. அம்மா மேலே போர்த்தும் பச்சைத் துணியை எடுத்து, கால்மாட்டில் மட்டும் மடிப்பு மடிப்பாகக் குவித்து விட்டாள். முகம் பார்க்க வந்தவர்கள் குனிந்து முகம் பார்த்தார்கள். சிலர் கண் கால்மாட்டுக்கும் போய்த் திரும்பியது. குவியலைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது.

ஆனால் கபரில் இறக்கும்போது அந்தப் பச்சைத் துணியை எடுத்துவிடுவார்கள். அதனால் குழிக்குள் நான்தான் முதலில் இறங்கினேன், கால்மாட்டுப் பக்கம். மாமா தலைமாட்டில் நின்றார். இறக்கிக் கொடுத்தபோது இடது கால் விறைத்துக் கனமாகக் கைக்கு வந்தது. வலது பக்கம் வெறும் துணி. அதைச் சுருட்டி என் வயிற்றோடு அழுத்திக்கொண்டேன். மாமா ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பார்வையைத் தலைமாட்டுக்குத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பியபோது கால் நான் வைத்த இடத்திலேயே நின்றது. அம்மா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“யாராச்சும் பாத்தாங்களா?”

“இல்லம்மா.”

தலையாட்டினாள். பிறகு குனிந்து அந்த ஷூ முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.