தேசம்மா அக்கா கடையில் திரிந்த பால்

டீக்கடை தேசம்மா அக்கா இன்று காலை தவறிவிட்டார்.

நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் அம்மனுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மருமகள் வாசலில் நின்று சொன்னாள்... தீக்குச்சி விரலைச் சுடும் வரை பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

வெளியூரில் இருக்கும் ஃபிரெண்ட்ஸுக்காகச் சொல்கிறேன். எங்கள் குப்பத்தில் ஃபைபர் போட்டுகள் கரையேறும் இடத்தில்தான் அக்காவின் கடை. அங்கே ஒரு டீ குடிக்காமல் யாரும் கடலுக்குப் போட்டைத் தள்ள மாட்டார்கள்.

முன்பு மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீரில்தான் அவர் டீ போடுவார். ஒரு புயலில் கடல் உள்ளே வந்தது. ஊற்று உப்பாகிவிட்டது. அப்புறம் எல்லாமே தெருக் குழாய்தான்.

அந்தத் தண்ணீரைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குடத்தில் வெள்ளையாகப் படிந்துவிடும். குடிக்க மட்டும் கேன் தண்ணீர் வாங்குவோம். மற்றதற்கெல்லாம் கொதித்தால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். எங்கள் நாக்கும் அந்த உப்புக்குப் பழகிவிட்டது.

ஒரு கோடையில் அக்கா கடையில் பால் திரிய ஆரம்பித்தது. ஒருநாள் நன்றாக இருக்கும், மறுநாள் திரியும்.

"இன்னாக்கா, டீ கேட்டா மோர் குடுக்கற?"

"குடிச்சிட்டுப் போடா, வவுறு குளிரும்" என்று முதலில் சிரித்துச் சமாளித்தார். பிறகு சிரிக்கவில்லை. டீ வாய்க்குப் பிடிக்காமல் ஆட்கள் வேறு கடைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள்.

பால் கொண்டுவந்தவர் அனுப்பம்பட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர். சொந்த மாடுகள். டிவிஎஸ் வண்டியில் கேன் கட்டி வருவார். வயதானவர் என்பதால் எல்லோருக்கும் அவர் நைனா. என் வீட்டுக்கும் அவர்தான் ஊற்றினார். பால் கணக்கு எழுதுகிறவள் நான், அவர் அளவு ஒருநாளும் குறைந்ததில்லை.

அன்றைக்குப் போட்டுக்காரர்கள் அத்தனை பேரும் நிற்கும்போது அக்கா கேட்டுவிட்டார்.

"இன்னா நைனா, நேத்து பால இன்னிக்கு பால்ல கலந்து எங்க தலையில கட்றியா?"

"மாட்டு மேல சத்தியமா நான் ஒண்ணும் கலக்கல தேசம்மா."

"அப்ப இன்னா, எங்கூட்டு சாமி வந்து கலக்கிட்டுப் போச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நைனா கேனை மூடினார். வண்டியை ஸ்டார்ட் பண்ணக்கூட இல்லை... மணலில் தள்ளிக்கொண்டே போனார்.

அப்புறம் அவர் எங்கள் குப்பத்துக்கு வரவே இல்லை.

அக்கா பாக்கெட் பாலுக்கு மாறினார். அதுவும் திரிந்தது.

வெள்ளிக்கிழமை அம்மன் நைவேத்தியத்துக்கு நான் காய்ச்சும் பாலில் தண்ணீர் சேர்க்க மாட்டேன். அது திரிவதே இல்லை. அதை நினைத்துக்கொண்டு ஒருநாள் வீட்டிலிருந்து ஒரு சொம்பு கேன் தண்ணீர் எடுத்துப் போனேன்.

"யக்கா, ஒரு தபா இதுல போட்டுப் பாரேன்."

"டீக்குப் போய் கேன் தண்ணியா? ஜமீன் வூட்டுப் பொண்ணுடி நீ" என்றார். ஆனாலும் போட்டார்.

பக்கத்துப் பக்கத்து அடுப்பில் இரண்டு பாத்திரம். குழாய்த் தண்ணீர் ஊற்றிய பால் திட்டுத்திட்டாக உடைந்தது. இன்னொன்று அழகாகப் பொங்கி வந்தது.

அக்கா இரண்டு அடுப்பையும் அணைத்தார்.

"பாவம்டி அந்த மனுசன்" என்றார்.

அதற்கப்புறம் டீக்கும் கேன் தண்ணீர்தான். அன்றைக்குச் சிரித்த அதே ஆட்களிடம், "நைனா பால்ல ஒரு தப்பும் இல்ல, நம்மூரு தண்ணிதான், நான்தான் அவசரப்பட்டுப் பேசிட்டேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். நைனாவிடம் மட்டும் சொல்லவில்லை.

போன் போட்டுக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"போன்ல சொல்ற விசயமாடி இது? அத்தினி பேரு முன்னால பேசிக்கீறேன். மொகத்தப் பாத்து சொல்லணும். நல்ல மடவை மீனா மாட்டட்டும், எட்துக்கினு போலாம். அவருக்கு மடவைன்னா உசுரு. வெறுங்கையோட எப்டிப் போறது?"

மடவை மாட்டியபோது அக்காவுக்கு முட்டி வலி. முட்டி தேவலாம் என்றபோது மடவை கிடைக்கும் பக்கத்து ஏரியில் மீன் இல்லை. அப்புறம் திருவிழா, மழை... போக வேண்டியது ஒரு பஸ் தூரம்தான்.

போன வாரம்கூட, "நீயும் கூட வர்றல்ல?" என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.

இன்று சாவு வீட்டில் நாளைக்குப் பால் தெளிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாக்கெட் பால் சொல்லிவிடலாம் என்றார்கள். நான் வெளியே வந்து நைனாவுக்குப் போன் செய்தேன்.

செய்தியைச் சொன்னேன்.

"அக்கா உங்களாண்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தாங்க நைனா..."

"தெரியும்மா. தண்ணியாலதான் திரிஞ்சிச்சுனு போட்டுக்காரப் பையன் ஒருத்தன் சந்தையில சொன்னான். ஆச்சு, ரொம்ப நாளாவுது. தேசம்மா வரும்னு பாத்துனு இருந்தேன்."

அவரே தொடர்ந்து கேட்டார்.

"பால் யாரு எட்தாறாங்க?"

சொன்னேன்.

"பாக்கெட்டு வாணாம்னு சொல்லு. கறந்து நான் எட்தாறேன்."

இன்று மாலை எடுக்கிறார்கள். அம்மன் தன் காலடியில் இடம் கொடுக்கட்டும்.

போய் வாங்க அக்கா... காலையில் நைனா வருகிறார்.