வளர்கிற மீனுக்கு எத்தனை அடித் தொட்டி?

உப்புநீர் மீன் விற்பது என்றால், 'இந்த மீன் உங்கள் தொட்டிக்கு ஆகாது' என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பது.

கிள்ளானில் ஒரு கடையில் ஒன்பது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். கடைக்குள் வருகிற எல்லாருக்கும் கடல் வேண்டும். ஆனால் அது டிவி கேபினட்டுக்குப் பக்கத்தில் மிச்சமிருக்கும் இரண்டடிக்குள் அடங்க வேண்டும். துணிக்கடையோ மருந்துக்கடையோ, எங்கேயோ நின்று, வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து 'முடியாது' என்று சொல்ல நாக்கு எழாமல் தவித்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒருமுறை, சொல்ல வேண்டிய 'முடியாது'வைச் சொல்லாமல் விட்டேன். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். முதலில் சொல்லித் தோற்ற கதை ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்

தீபாவளி முடிந்த வியாழக்கிழமை அம்பாங்கிலிருந்து ஒரு அங்கிள் வந்தார். வீட்டில் மாடிப்படிக்குக் கீழே மூன்றடி இடம் இருக்கிறதாம். அங்கே ஒரு தொட்டி, அதில் இரண்டு நீலச் சர்ஜன் மீன். ஞாயிற்றுக்கிழமை தீபாவளி ஓபன் ஹவுஸ், விருந்துக்கு எல்லாரும் வருவார்கள், அதற்குள் தயாராக வேண்டும். புதுத் தொட்டித் தண்ணீர் மீன் வாழ்கிற தண்ணீராகப் பக்குவப்படவே ஒரு மாதம் ஆகும் என்றேன். இந்த மீன் பாறை நெடுக நீந்துகிற சாதி, ஆறடியாவது வேண்டும் என்றேன்.

நம்பவில்லை. கடையின் எட்டடித் தொட்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு நீல மீன் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரே வீச்சில் போய், சட்டென்று திரும்பியது. ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன், அந்தத் திருப்பத்தைப் பார்த்தால் இன்றைக்கும் என் கைவேலை நின்றுவிடும். அங்கிளும் அசந்துபோய்த்தான் நின்றார். பிறகு என் தோளில் கை போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"கெஸ்ட் வந்துட்டுப் போற வரைக்கும் உயிரோட இருந்தா போதும் லா, தம்பி."

ஐம்பது காசு அகலம்

வசந்தா அக்கா பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் பிளவுஸ் தைப்பவர். அங்கே ஏற்கெனவே ஒரு இரண்டடி உப்புநீர்த் தொட்டி வைத்திருந்தார், நன்றாகவும் பராமரித்தார். ஒருநாள் எங்கள் கடைக்கு வந்தவர், ஒரு பேட்ஃபிஷ் குஞ்சின் முன்னால் நின்றுவிட்டார். ஐம்பது காசு நாணயத்தின் அகலம்தான் இருக்கும். காய்ந்த இலை நிறம். மேலும் கீழும் நீண்ட துடுப்பு. தண்ணீரில் உதிர்ந்த இலை மாதிரியே சாய்ந்து சாய்ந்து மிதந்தது. வேட்டையாடும் மீனை ஏமாற்ற, பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வருகிற நடிப்பு அது.

இந்த மீன் ஒன்றரை அடிக்கு வளரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று காலையிலிருந்து நான்கு பேரிடம் 'முடியாது' சொல்லி நான்கு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அலுத்துப் போயிருந்தது. "இது பெருசா வளருமா தம்பி?" என்று அவர் கேட்டபோது, இந்தத் தொழிலில் இருக்கிற மிகப் பழைய பொய்யை எடுத்து விட்டேன். இதைச் சொல்லாத மீன்கடைக்காரன் இருந்தால் அவனை நான் பார்க்க வேண்டும்.

"மீன் தொட்டிக்கு ஏத்த மாதிரிதான்க்கா வளரும்."

பொத்தான் டப்பா

நான்கு மாதம் கழித்து, அவர் தொட்டியின் பம்ப்பைச் சரிசெய்யப் போனேன். மீன் என் உள்ளங்கை அளவுக்கு வந்திருந்தது. கண்ணாடிமேல் கை வைத்து இன்னொரு முறை அளந்து பார்த்தேன். அக்கா அதையெல்லாம் கவனிக்கவில்லை. "இங்க பாருங்க" என்று பொத்தான் போட்டுவைக்கும் பிஸ்கட் டப்பாவை எடுத்து ஒருமுறை குலுக்கினார். மூலையில் இருந்த மீன் நேராக மேலே வந்து, அவர் விரலில் இருந்த இறால் துண்டை உதட்டால் மட்டும் எடுத்துக்கொண்டது. நான் குலுக்கினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இறால் கொடுப்பதற்கு முன்னால் எப்போதும் டப்பாவைக் குலுக்குவாராம், அப்படிப் பழக்கியிருக்கிறார். ஆனால் என் கைக்கு ஏன் வரவில்லை என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. எத்தனையோ ஆயிரம் மீன் என் கை வழியாகப் போயிருக்கிறது. ஒன்றாவது என்னை யாரென்று நினைத்திருக்குமா என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். தைத்த துணி வாங்க சாலாக் செலாத்தானிலிருந்து வந்திருந்த ஒரு பெண், அரை மணி நேரமாக நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவசரமாகக் கை துடைத்தபோது அவர் தடுத்தார்:

"பிளவுஸ் லேட்டானா பரவால்லக்கா, அவன் சாப்பிட்டு முடிக்கட்டும்."

உள்ளே விடாத துணி

இன்னும் மூன்று மாதம் கழித்து அக்கா போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்றைக்கே போய்ப் பார்த்தேன். மீன் திரும்பும்போதெல்லாம் கண்ணாடியில் உரசி, துடுப்பின் ஓரம் நைந்து வெள்ளையாகியிருந்தது. இப்படியே விட்டால் புண்ணாகிச் செத்துப்போகும். அக்கா தன் அளவு நோட்டைத் திறந்து காட்டினார். கமலா, மார்பு இவ்வளவு, கை இவ்வளவு என்று எழுதியிருந்த பக்கங்களுக்கு நடுவே, மீனுக்கும் ஒரு பக்கம். மாதாமாதம் கண்ணாடிமேல் டேப் வைத்து அளந்து எழுதியிருக்கிறார். எந்த மாதமும் வளர்ச்சி நிற்கவில்லை.

மீன் தொட்டிக்கு ஏற்றபடி வளராது, தொட்டி பற்றாவிட்டால் கூனிக் குறுகிச் சாகும், அவ்வளவுதான் என்று அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். தெரிந்தேதான் விற்றேன் என்பதையும் சொன்னேன். அவர் நோட்டை மூடினார்.

"வளர்ற புள்ளைக்குத் தைச்சா உள்ள ரெண்டு இன்ச் துணி விட்டு மடிப்போம் தம்பி. நீங்க ஒண்ணுமே விடலையே."

பலகைத் தரை

ஒரு தையல் இயந்திரத்தை நகர்த்திவிட்டு, கடையில் சும்மா கிடந்த நாலடித் தொட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். பழைய தொட்டித் தண்ணீரையும் பாறைகளையும் அப்படியே மாற்றியதால் மீன் தாங்கிக்கொண்டது. துடுப்புப் புண்ணும் ஆறியது. ஆனால் இந்த மீனுக்கு நீளத்தைவிட உயரம்தான் முக்கியம், நாலடித் தொட்டியின் உயரமோ ஒன்றரை அடி. அதற்கு மேல் பெரிய தொட்டி வைக்கலாம் என்றால், அந்தக் கடைவீட்டு மாடி பலகைத் தரை. ஆறடித் தொட்டி தண்ணீரோடு ஒரு டன்னைத் தொடும். நான் நடந்தாலே பலகை முனகியது. கீழே சாப்பாட்டுக் கடை வேறு.

போர்ட் டிக்சனில் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடலாமா என்று கேட்டார். எங்கேயோ வேறு கடலில் பிடித்த மீன், கடைத் தொட்டிகளின் நோயெல்லாம் பார்த்த மீன், விடக்கூடாது என்றேன். என் பாஸ் திரும்ப வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் கடைக்கு வந்தால் அடுத்து கேட்கிறவர் தொட்டிக்குப் போய்விடும். எப்படியும் அது அக்காவை விட்டுப் போகத்தான் வேண்டும் என்று தெரிந்தபிறகு, அவர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இதை வச்சு நீங்களே ஒரு நல்ல இடம் அளந்துட்டு வாங்க. இந்த வாட்டி ஒழுங்கா அளங்க."

சாப்பாட்டுக் கடைத் தொட்டி

அளந்தேன். பன்னிரண்டடி நீளம், தண்ணீர் மட்டும் மூன்றரை அடி ஆழம். நான் மாதாமாதம் சுத்தம் செய்கிற தொட்டிதான். சிக்கல் என்னவென்றால், அது கிள்ளானில் ஒரு கடலுணவுக் கடையின் வாசலில் இருந்தது. கடை முதலாளியான தவுக்கே, எஸ்டேட்டில் தமிழர்களோடு வளர்ந்த சீனர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். அழகுக்கு வைத்த தொட்டி இது, சமைக்கிற மீனெல்லாம் பின்பக்கம் என்று சத்தியம் செய்தார். ஆனாலும் பேட்ஃபிஷ் வளர வளர, பொரித்துச் சாப்பிடுகிற வௌவால் மீனைப் போலத்தான் இருக்கும். அக்கா மெனு கார்டை இரண்டு தடவை முழுதாகப் படித்துவிட்டுத்தான் மீனைக் கொண்டுவந்த ஐஸ் பெட்டியின் மூடியைத் திறக்கவிட்டார்.

ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்து, மீனை இறக்கினேன். அது ஒரு மூலையில் ஒடுங்கி நின்றது. துடுப்பு இரண்டும் உடம்போடு மடிந்திருந்தன. அக்காவின் தொட்டிகளில் வளர வளர அப்படித்தான் ஆகியிருந்தது, வளர்ந்தபின் அதன் வடிவமே அதுதான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அக்கா பொத்தான் டப்பாவைக் குலுக்கினார். மீன் திரும்பியது. நடுத்தொட்டிக்கு வந்தது. அங்கே, மேலே ஒரு துடுப்பு எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. கீழே இன்னொன்று இறங்கியது. பாயை விரித்த மாதிரி முழுதாக விரிந்து, எந்தப் பக்கமும் எதிலும் படாமல், அது ஒரு இடத்தில் அப்படியே நின்றது. பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு நின்றார்கள். எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவும் இல்லை. ஒரு உயிர் விரிந்தால் எவ்வளவு பெரியது என்று பார்க்காமலே நான் அதற்குத் தொட்டி சொல்லியிருக்கிறேன். அக்கா கண்ணாடியில் கை வைத்தார், டப்பாவை மறந்துவிட்டார்.

"இத்தனை மாசமா நான் பாதி மீனைத்தான் வளர்த்திருக்கேன், தம்பி."

இரண்டு தட்டு கீரை

அக்கா இப்போதும் ஞாயிறுதோறும் ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வருகிறார், கைப்பையில் பொத்தான் டப்பாவோடு. மீன் வருகிறது. போன வாரம் ஒருவர் இரண்டடித் தொட்டிக்கு பேட்ஃபிஷ் குஞ்சு கேட்டார். நான் அவரை வண்டியில் ஏற்றி அந்தக் கடைக்குக் கூட்டிப்போனேன். பார்த்தார், குஞ்சு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். சந்தோஷமாகத் திரும்பும்போது தவுக்கே என்னை ஓரமாகக் கூப்பிட்டார்:

"மீன் சாப்பிட வர்றவன்லாம் இவனப் பார்த்துட்டு உள்ள வந்து கீரை ஆர்டர் பண்றான் லா. இப்ப நான் என்ன செய்றது?"

அக்கா கொடுத்த டேப் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வருகிறவர் வீட்டையும் தொட்டியையும் மீனையும் அதை வைத்து அளந்துவிடுகிறேன், அதற்குள் இன்னும் அடங்காமல் இருப்பது, அலுத்த நாளில் அந்தப் பழைய பொய்யைச் சொல்ல வருகிற என் வாய் ஒன்றுதான்.