மஞ்சள் பட்ட வெள்ளைப் பொடி

ஒதியம்பட்டில் அமுதம் யார் என்று கேட்டால், "காலேஜுல பொடி இடிக்கிற பொண்ணுதானே?" என்பார்கள். கேலிதான், ஆனால் முழுப் பொய் இல்லை. புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்திக்கொண்டே, டைட்டானியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியோடு டாக்டர் பட்டத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எண்பதுகளின் நடுப்பகுதி அது.

லேசர் ஒளியை ஒரு பொருளின்மேல் பாய்ச்சினால், சிதறி வருவதில் துளியூண்டு மட்டும் நிறம் மாறி வரும். அந்த ராமன் நிறமாலையைத் தாளில் முகடுகளாக வரைந்து காட்டும் கருவி சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. படிகங்கள் மிக மிக நுண்ணியவையாகிவிட்டால் முகடு இடம் நகரும், அகன்றும் போகும் என்பது அமுதத்தின் கட்சி. ஏற்கெனவே போய்ப் பார்த்தாள். பொடி போதிய அளவு நுண்ணியதாக இல்லை, முகடு அசையவே இல்லை. இப்போது படாத பாடுபட்டு அசல் நுண்பொடி செய்திருந்தாள். "இந்த முறையும் வரலன்னா மூட்டை கட்டிடறேன்" என்று கணவன் சிங்காரவேலுவிடம் சொல்லியும் விட்டாள். அவன் சரியென்று தலையாட்டினான். மாமியார் கனகாம்பாள் விடுவாளா?

"அது எப்பிடி வராம பூடும்? நீ போய்க்கினே இரு, வூட்ட நான் பாத்துக்கறேன்."

இரண்டு கறவை மாடுகளையும் பால் வாங்க வருகிறவர்களின் வாயையும் சேர்த்துச் சமாளிக்கிற பெண்பிள்ளை. மருமகள் படிப்பைப் பற்றி எவராவது முகம் சுளித்தால் அன்றைக்கு அவர்களுக்குப் பால் கிடையாது.

விடியற்காலை பஸ் என்பதால் அமுதம் பொடிக் குப்பியை முதல் நாளே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் கனகாம்பாள் குப்பியைத் திறந்து பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. புதுத்துணிக்கே ஓரத்தில் மஞ்சள் தடவாமல் உடுத்தவிடாதவள் அவள். நல்ல காரியத்துக்குப் போகிற பொருளை அப்படியே மொட்டையாக அனுப்ப மனம் வருமா? ஈர மஞ்சள் விரலால் பொடியை ஒரு தொடு தொட்டு, மூடி வைத்துவிட்டாள்.

சென்னையில் கருவியை இயக்கிய நாகராஜன் ஒளியைப் பாய்ச்சியதும், வரைகிற பேனா சரசரவென்று மேலேறித் தாளின் உச்சியில் போய் முட்டி நின்றது. முகடு இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

"மேடம், இதுல வேற ஏதோ கலந்திருக்கு. அந்தப் பொருளே பளபளன்னு ஒளிருது. ராமன் சிக்னல் அதுல முழுகிப்போச்சு."

அமுதம் குப்பியை வாங்கி முகர்ந்தாள். வாசனையே சொல்லிவிட்டது. அவளுக்கு வந்த கோபத்தில், அந்த நேரம் கனகாம்பாள் எதிரே இல்லாதது இருவருக்கும் நல்லதாயிற்று.

"உலையில வெச்சு எரிச்சுடலாமே?" என்றார் நாகராஜன்.

"சூடு பட்டா படிகமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருத்துடும் சார். அப்புறம் எதை அளக்கிறது?"

நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு சட்டென்று எழுந்தாள். மஞ்சள் பட்ட புடவையை எந்தப் பெண்ணாவது அடுப்பில் போடுவாளா? கறை வெளுக்க வெயிலில் அல்லவா காயப்போடுவாள்! பொடியைக் கண்ணாடித் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மேலே ஒரு கண்ணாடியை மூடி, மொட்டை மாடிக்குக் கொண்டுபோனாள். சித்திரை வெயில் பொசுக்கிற்று. அவள் குடையைப் பிடித்துக்கொண்டு காக்கை விரட்டினாள். அவ்வப்போது தட்டைத் திறந்து பொடியைப் புரட்டிவிட்டாள்.

பிற்பகலில், மஞ்சள் வெளுத்துப்போன பொடியின்மேல் மறுபடி ஒளியைப் பாய்ச்சினார்கள். பேனா இந்தத் தடவை அடக்கமாகக் கிளம்பி, ஏறி, இறங்கியது. முகடு வந்துவிட்டது. பெரும்படிகத்தின் முகடு நிற்கிற இடத்திலிருந்து நகர்ந்து, இரு பக்கமும் அகன்று நின்றது. அமுதம் சத்தமில்லாமல் அழுதாள். நாகராஜன் மரியாதையாக டீ வாங்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கனகாம்பாள் ஓடிவந்தாள். "வந்துச்சா? நான் மஞ்ச வெச்சு அனுப்பனேன், வராம பூடுமா!"

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அமுதத்துக்குப் பொய் வராது, நடந்ததைச் சொல்லிவிட்டாள். கனகாம்பாளின் முகம் செத்துப்போயிற்று.

"அப்ப நான்தான் கெடுக்கப் பாத்தனா?"

"அத்த, அப்பிடி இல்ல..."

கனகாம்பாள் மாட்டுக்குத் தவிடு கலக்கப் போய்விட்டாள். அதன் பிறகு அமுதத்தின் பையைக்கூட அவள் தொடுவதில்லை.

இன்னும் நுண்ணிய பொடியோடு அடுத்த முறை சென்னைக்குக் கிளம்பும்போது கனகாம்பாள் வாசல் ஓரமாக ஒதுங்கி, கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றாள். குப்பியின் பக்கம் பார்க்கவே இல்லை. அமுதத்துக்கு அதைத் தாங்க முடியவில்லை. பையைச் சிங்காரவேலுவிடம் கொடுத்துவிட்டு, மாமியார் எதிரே போய்க் குனிந்து முகத்தை நீட்டினாள்.

"குப்பிக்குத்தான் ஆகாது அத்த. எனக்கு வைங்க."