மூடிய ஃபேக்டரியில் ஊதிய சங்கு

தேயிலை விலை படுத்துக் கிடந்த வருடங்கள் அவை. பந்தலூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். கட்டுப்படியாகவில்லை என்று ஃபேக்டரியை மூடி, கொழுந்து எடுப்பதையும் நிறுத்தி நான்கு மாதம் ஆகியிருந்தது. இயந்திரங்களுக்குக் காவலாக, தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர், வாட்ச்மேன், நான் என மூன்று பேரை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

ஆடி மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டது. பஸ் இல்லை, கரண்ட் இல்லை. பத்தடி தள்ளி நிற்பவர் தெரியாத மூடுபனி. பொழுது போகவேண்டுமே! முதலில் சீட்டாடினோம். சீட்டுக்கட்டில் இரண்டு சீட்டுகள் குறைந்ததால் சிகரெட் அட்டையை வெட்டிச் சேர்த்தேன். அந்த அட்டை யார் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், ஆட்டம் விளங்குமா? பிறகு ஸ்டாஃப் கிளப்பிலிருந்து கேரம் போர்டைத் தூக்கி வந்தோம். ஈரத்தில் ஊறிய பலகையில் காய் நகரவே இல்லை. அடுப்பருகில் வைத்துக் காயவைத்து, டீ மேக்கரின் பவுடரை எடுத்துத் தூவினேன்.

“ஏனுங்க, மூஞ்சிக்குப் போடறதைப் போய்க் கொட்டிப்போட்டீங்களே!” என்று அலறினார் மனுஷன்.

இருவர் ஆடினால் மூன்றாமவர் நடுவர். தோற்றவருக்கு அவர் சொல்வதுதான் தண்டனை. மழையில் நின்று பாடுவது, ஓடையில் தண்ணீர் மொண்டு வருவது, இப்படி.

வாட்ச்மேனுக்கு என் வயதுதான். இலங்கையிலிருந்து வந்த குடும்பம். மனைவி கொழுந்து எடுப்பவர். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில்தான் குடியிருப்பு. “ரோடு திறந்ததும் திருப்பூருக்குப் போறதுதாங்க. ஃபேக்டரி திறந்தா நாங்க ஏன் போறோம்?” என்பார், காயைக் குறி பார்த்துக்கொண்டே.

மூடுபனி சற்று விலகியிருந்த ஒருநாள் முற்பகல் அவரிடம் நான் தோற்றேன். கிளப் சாம்பியன் என்று அதுவரை பீற்றிக்கொண்டிருந்தவன், மானம் போயிற்று. டீ மேக்கர் தீர்ப்புச் சொன்னார்: “அந்தச் சங்கை ஒரு சுத்துச் சுத்துங்க, பாக்கலாம்.”

ஃபேக்டரி வாசலில் கையால் சுற்றும் சங்கு ஒன்று உண்டு. காலையில் ஆட்களை வேலைக்கு அழைக்க ஊதுவது. மூடிய நாளிலிருந்து யாரும் தொடவில்லை.

வாட்ச்மேன் முகம் மாறியது. “வேணாங்க ஐயா. வேற எதாச்சும் சொல்லுங்க.”

“தோத்தது நானு, உங்களுக்கென்னங்க?” என்று எரிச்சலோடு எழுந்து போய் மூச்சைப் பிடித்துச் சுற்றினேன். மலை முழுக்கக் கேட்டது. சிரித்தபடி வந்து மறுபடி காய் அடுக்கினேன்.

கால் மணி நேரத்தில் வெளியே பேச்சுக்குரல்கள். எட்டிப் பார்த்தால், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் முப்பது நாற்பது பெண்கள். தலையில் பிளாஸ்டிக் ஷீட், முதுகில் கூடை, இடுப்பில் சாக்கு. பின்னால், செடியைக் கழித்துவிடும் கவ்வாத்துக் கத்தியோடு ஆண்கள். இன்னும் சிலர் லயத்துப் பக்கமிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார்கள். முன்வரிசையில் வாட்ச்மேனின் மனைவி.

“எந்த மலைக்குங்க ஐயா?” என்று கேட்டார். ஒவ்வொரு தேயிலைக் காட்டையும் அவர்கள் மலை என்றுதான் சொல்வார்கள்.

டீ மேக்கர் மெல்ல உள்ளே நழுவினார். வாட்ச்மேன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

“ஃபேக்டரி தொறக்கலைங்க. வெளையாட்டுக்கு ஊதிட்டேன். மன்னிச்சுக்குங்க.”

கல்லெறிவார்கள் என்று நினைத்தேன். எறிந்திருக்கலாம். வாட்ச்மேனின் மனைவி கூடையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். “கட்டுன மூட்டையெல்லாம் அவுத்துப் போட்டுட்டு வந்தேன். போயி மறுபடி கட்டணும்” என்றார் கணவரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, “சங்கு நல்லாத்தாங்க இருக்கு. துருப்புடிச்சுப் போயிருக்கும்னு நெனச்சோம்” என்றார். குரலில் கோபமே இல்லை.

எல்லோரும் திரும்பி நடந்தார்கள். மேலே ஓடி வந்துகொண்டிருந்தவர்களுக்கு வழியிலேயே விஷயம் சொல்வது கேட்டது. அவமானத்தில் அன்று முழுவதும் நான் அறையை விட்டு வெளியே வரவில்லை.

நாலைந்து நாளில் ரோடு திறந்தது. முதல் பஸ்ஸிலேயே வாட்ச்மேன் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. அன்று வந்து நின்றவர்களில் ஒருவராவது என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால், நானும் இதை எப்போதோ மறந்திருப்பேன்.