கேரவனுக்குள் யாரும் இல்லை

என் ஹைபிரிட் ஜீப்பில் சின்னக் கேரவன் ஒன்றைப் பூட்டி இழுக்க ஆசைப்பட்டேன். கேரவனின் பிரேக்குக்கு வயர் போட்டுத் தந்தவர் மாத்தளையில் ஒரு வாகன எலக்ட்ரீசியன். கறுத்த தலைமுடி, வெளுத்த தாடி. முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல 'நானா' என்றுதான் அவரைக் கூப்பிட்டேன். நாள் முழுக்க வேலை செய்தும், ஓட்டுபவரின் இருக்கையில் அவர் ஒருமுறைகூட உட்காரவில்லை. வெளியே நின்று குனிந்து, கையாலேயே பிரேக்கை அழுத்திப் பார்த்தார். "ஓட்டுறத விட்டு வருஷக்கணக்காச்சு" என்றார்.

ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சுவிட்சைப் பொருத்திவிட்டுச் சொன்னார்: "தம்பி, பள்ளத்துல எறங்கக்குள்ள எக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாலே உங்க ஜீப் தானா வேகத்தைக் குறைச்சிரும். பின்னால வர்றதுக்கு அது தெரியாது. தள்ளுற மாதிரி இருந்தா இத அமத்துங்க, கேரவன் மட்டும் பிரேக் புடிக்கும். ரிவர்ஸ்டன் மலையில இருந்து எறங்கினதும் எனக்கு ஒரு போன் கோல் எடுங்க."

மறுவாரம் அந்த மலையிலிருந்து பனிமூட்டத்தில் இறங்கி வந்தேன். ஒரு வளைவில் கேரவன் பின்னாலிருந்து தள்ளியது. சுவிட்சை அழுத்தியதும் அடங்கியது. அடிவாரத்து ரத்தோட்டையில் நிறுத்தி அவரைப் போனில் அழைத்தேன்.

"நல்லபடியா எறங்கிட்டேன், நானா."

"அல்ஹம்துலில்லாஹ். புள்ள?"

"புள்ளயா? நான் தனியாத்தானே வந்தேன்."



"கேரவன் கதவைத் தொறந்து ஒருக்கா பாருங்களேன், தம்பி."

போனைக் காதில் வைத்தபடியே போய்த் திறந்தேன். மடித்த மெத்தை மட்டும் கிடந்தது.

"யாரும் இல்ல, நானா."

"சரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எந்தப் பிள்ளையைக் கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று அந்தக் கதவை, உள்ளே யாரோ தூங்குவதுபோல, சத்தமில்லாமல் சாத்தினேன்.